பெருக்கும் ரோபோவுக்கு உன் பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு, மூட்டுவலி தேவலையா? சென்னையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

"கேட்டா மறைக்காமச் சொல்லு, கூட்டிப் பெருக்குறதுல என்னடி கேவலம்?" என்பாயே. கோடை முகாமில் என்னிடம் ரோபோ செய்யப் படிக்கும் பிள்ளைகள் உனக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். திருவாதவூர்ப் பள்ளிக்கூடத்தில் நீ பெருக்குவதையும் உன் பெயரையும் சொன்னேன்.

நேற்று கடைசி நாள் போட்டி. உன் பெயர் மைக்கில் கேட்டது, அம்மா. பெருக்கும் ரோபோவுக்குப் பாண்டிச்செல்வி என்று பெயர் வைத்திருந்தார்கள். "பாண்டிச்செல்வி, குப்பை!" என்று கத்தினால் ஓடிப்போய்ப் பெருக்கியது. பெற்றோர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்கு முதல் பரிசை என் கையால்தான் கொடுத்தேன். நானும் சிரித்தேன்.

நாளை அடுத்த பேட்ச் வருகிறது, வேலை கிடக்கிறது. பருப்புப்பொடி கொஞ்சம் அனுப்பு. பார்சல் முகாமுக்குத்தான் வரும். அனுப்புநர் இடத்தில் அப்பா பெயரை எழுது.

முத்துமீனா