ஐந்து பேருக்கு ஒரே மூச்சு

அப்பா,

மில்லின் பழைய மருத்துவப் பதிவேட்டைத் திறந்ததும் பஞ்சுத் தூசியின் நெடி முகத்தில் அடித்தது. உங்கள் சட்டையில் இருந்த அதே நெடி. அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

சூலூரில் ஓர் அலுவலகத்தில் அந்தப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுகிறேன். எத்தனையோ பேர் குழாயில் ஊதிய மூச்சுப் பரிசோதனை எண்கள். பாதிக் கட்டங்கள் காலி. சில பக்கங்களைக் கரையான் தின்றிருக்கிறது. இருக்கிற எண்களைப் பார்த்துப் பார்த்து, மில்லில் இப்போது வேலை செய்பவர்களில் அடுத்து யாருக்கு நுரையீரல் கெடும் என்று சொல்ல நியூரல் நெட்வொர்க் என்ற கணினி நிரல் கற்றுக்கொள்கிறது. காலிக் கட்டத்தை அது சமாளித்துவிடும். பொய் எண்ணைத்தான் நம்பிவிடும்.

போன மாதம், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் ஐந்து பேரை அது தனியாக எடுத்துக் காட்டியது. ஐவரின் எண்களும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. ஒரு பெயர் உங்களுடையது, இன்னொன்று பக்கத்து வீட்டுத் தங்கவேல் மாமாவுடையது. ஒரே இடம், ஒரே வேலை, அப்படித்தான் இருக்கும் என்று எங்கள் மேடம் விட்டுவிட்டார்.

ஆனால் எனக்குத் தெரியும். கம்பவுண்டர் முகத்தைப் பார்க்காமல் பெயரை மட்டும் கூப்பிடுவார். உங்கள் பெயருக்கும் மற்ற மூவரின் பெயருக்கும் மாமாதான் போய் ஊதுவார். மூச்சு குறைந்தால் வாட்ச்மேனாக மாற்றிவிடுவார்கள்; மெஷின் ஓட்டியவன் கேட்டில் நின்று சல்யூட் அடிப்பதா என்பீர்கள். ஒருநாள் மாமா சிரித்துக்கொண்டே வந்தார். "உங்கப்பனுக்கும் சேத்து ஊதிப்போட்டு வாரேன் அம்மணி. எனக்குச் சளி, அதனால அவனுக்கும் இன்னிக்குச் சளி." நீங்கள் சிரிக்கப் போய் இருமி, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். நானும் சிரித்தேன்.

கடைசி வரை அலர்ஜி என்றே சொன்னீர்கள். உங்கள் ஆக்சிஜன் சிலிண்டரைப் பார்த்துக்கொள்ளத்தான் பத்தாம் வகுப்பில் பாதியில் நின்றேன். பதிவேட்டில் நீங்கள் வேலையை விட்ட வருடம் வரை நல்ல மூச்சுக்காரர். வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

அதே கார்டிங் பிரிவில்தான் இப்போது அம்மா தூசி கூட்டுகிறாள். உங்கள் எண்களை நம்பினால், அந்தத் தூசி யாரையும் ஒன்றும் செய்யாது என்றுதான் கணினி கற்றுக்கொள்ளும். மேடத்திடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "போன மனுசன் பேர எதுக்கு அம்மணி சந்திக்கு இழுக்கறே" என்றாள்.

மறுநாள் மேடத்தின் மேசை முன்னால் போய் நின்றேன். "அது எங்கப்பாவோட மூச்சு இல்லீங்க" என்றேன். மீதியைச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. மாமாவின் வரிசையை மட்டும் விட்டுவிட்டு மற்ற நால்வரின் எண்களையும் எடுத்துவிடச் சொன்னார். உங்கள் கட்டங்களை நானே அழித்தேன்.

நிரலைத் திரும்ப ஓடவிட்டபோது, உடனே பார்க்க வேண்டியவர்கள் பட்டியலில் அம்மாவின் பெயர் வந்தது. வரும் திங்கட்கிழமை அவளுக்குப் பரிசோதனை. நேற்றுச் சோறு போட்டுக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்: "வேற பிரிவுக்கு மாத்திப்போடுவாங்க கண்ணு. எனக்குப் பதிலா நீ ஊதினா ஆகாதா?"

அவள் உங்களிடம் கற்றதுதான். ஆகாது என்றேன். திங்களன்று கூடவே போய், அவள் வாயில் குழாயை வைத்து ஊதும் வரை பக்கத்தில் நிற்பேன். உங்கள் மேல் இருக்கும் கோபம் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம். நாலு பேர் முன்னால் பேசத் தெரியாத என்னைப் பேசவைப்பது அது ஒன்றுதான்.