பீன்ஸ் கணக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அம்மா வேளாவேளைக்கு மாத்திரை சாப்பிடுகிறாளா? நான் நலம்.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் நோயாளிகளின் சாப்பாட்டுக்குக் கலோரி கணக்கிடுவதுதானே என் வேலை. போன வாரம் ஒரு சின்னத் தவறு. பீன்ஸுக்கும் கீரைக்கும் அட்டவணையில் கிலோஜூல் என்ற வேறு அலகில் இருந்த எண்ணைக் கலோரி என்று எழுதிவிட்டேன். அது நான்கு மடங்கு அதிகம். அதை நம்பி, எடை கூட வேண்டிய தையற்காரர் ஒருவருக்கு மற்ற உணவைக் குறைத்துவிட்டார்கள். ஒரே வாரத்தில் ஒரு கிலோ இளைத்துவிட்டார்.

"அளவாப் போடலையா?" என்று டாக்டர் எல்லோர் முன்னாலும் சமையல்கார அக்காவைத் திட்டினார். தப்பு என்னுடையது என்று எனக்கு அப்போதே புரிந்தது. ஆனாலும் வாயைத் திறக்காமல் நின்றேன்.

மறுநாள் டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். பிறகு அக்காவிடமும் சொன்னேன். அவர் பாத்திரம் தேய்த்தபடியே, "சொன்னது சரிதான்மா. நேத்து எல்லாரும் இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே" என்றார். 

தையற்காரர் இப்போது தேறி வருகிறார். கவலைப்படாதீர்கள்.

அம்மாவிடம் இரண்டு தலையணை உறை தைத்து அனுப்பச் சொல்லுங்கள். கடையில் வாங்கியதில் தூக்கம் பிடிக்கவில்லை. அப்புறம், பக்கத்து வீட்டில் "என் பொண்ணு கணக்குல புலி" என்று சொல்வதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள், அப்பா.

பஸ் ஸ்டாப்பில் நின்றுதான் இதை எழுதுகிறேன். பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்