பைத் தண்ணீர்

லேவார்டன்,
நவம்பர்

தங்கைக்கு,

தொலைபேசியில் நீ, "மீன்தானேக்கா, வேற வாங்கிக்கலாம்" என்றாய். அதனால்தான் எழுதுகிறேன். பேசினால் கத்திவிடுவேன்.

என் பிறந்தநாளன்று எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து கேக் தின்றபோது, நீ கொண்டுவந்த கறுப்பு மோலி மீன்களைப் பைத் தண்ணீரோடு மீன்தொட்டியில் கவிழ்த்தாய். "அடியே, ஊத்தாதே! புது மீனைத் தனி வாளியில வச்சுப் பாத்துட்டுத்தான் உன் அத்தான் வீட்சே விடுவாரு" என்றேன். "செத்தவரைச் சொல்லி இன்னைக்குமா சண்டை?" என்றாய். சிரித்தவர்கள் யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது.

அப்புறம் உன் அத்தானின் நியான் மீன்கள்மேல் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் வந்தன. மீன் கடைக்காரன், "புது மீன் யாரு கொண்டாந்தது?" என்றான்.

"என் தங்கச்சி."

"அப்ப மருந்தை அவங்களுக்கு ஊத்துங்க, பாட்டி."

தொட்டிக்குத்தான் ஊற்றினேன். சூட்டைக் கூட்டினேன், வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினேன். முதுகு விட்டுப்போயிற்று. ஆனாலும் காலையில் எழுந்ததும் செத்ததை வலையில் அள்ளுவதே வேலையாகிவிட்டது. இந்த வீட்டில் என்னைத் தவிர அசைந்தவை அந்த மீன்கள் மட்டும்தான்.

இப்போது மிச்சம் ஒரே ஒரு நியான். உன் மோலிகள் பிழைத்துக் கொழுத்துவிட்டன. அவற்றை உனக்கே திருப்பி அனுப்பிவிடலாமென்று வலையை எடுத்தேன். அந்த நியான், கூட்டமில்லாமல் இருக்கமாட்டாத இனம், அவற்றின் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தது. வலையை வைத்துவிட்டேன்.

மன்னித்துவிட்டதாக நினைக்காதே. ஞாயிற்றுக்கிழமை காபிக்கு வா. வெறுங்கையோடு வா.

உன் அக்கா