நடுவில் கோத்த தாள்

என் வீட்டுக்காரருக்கு,

என் ஓட்டு உங்கள் கட்சிக்குத்தானே என்று கடிதத்தில் சந்தேகமாகக் கேட்டிருந்தீர்கள்.

இரண்டு கட்சிகளின் தேர்தல் அறிக்கையும் எங்கள் அச்சகத்தில் என் பைண்டிங் மேசைக்குத்தான் வந்தன. ஒரே அளவு, ஒரே காகிதம். அவசரத்தில் எதிர்க்கட்சியின் ஆஸ்பத்திரித் திட்டத் தாளை உங்கள் கட்சிப் புத்தகத்துக்குள் வைத்துத் தைத்துவிட்டேன். ஐந்நூறு பிரதி போய்விட்டது. இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

போன வாரம் பிரசாரத்துக்குக் கிளம்பும்போது அதைத்தான் தூக்கிக் காட்டினீர்கள். "வரிக்கு வரி படிச்சிட்டேன். இந்த ஆஸ்பத்திரித் திட்டம் நம்மாளுங்களைத் தவிர எவனுக்குத் தோணும்?"

அந்தத் திட்டத்துக்கே ஓட்டுப் போடுகிறேன், கவலைப்படாதீர்கள்.

உங்கள் கடிதத்தின் இரண்டாம் தாளில், "உன் நெனப்பாவே இருக்கேன்" என்று இருக்கிறது. நாலு தரம் புரட்டிப் பார்த்துவிட்டேன். அது எனக்கு எழுதிய தாள்தானா?

உங்கள் மனைவி