வசாவிளான் வானத்தில் நீ கண்டது

மச்சான்,

நல்லூர்த் திருவிழா முடிந்து கொடி இறங்கிவிட்டது. எங்கள் குசினியில் மச்சச் சட்டியும் மேல்தட்டிலிருந்து இறங்கி, விளைமீன் குழம்பு கொதிக்கிறது. இந்த வாசனைக்கு வழக்கமாக எனக்கு வாய் ஊறும். இன்றைக்கு உன் முகம்தான் வந்து நின்றது.

அன்று நாங்கள் செய்தது நெடுங்காலம் நம் இருவருக்கும் முருகனுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். எங்கள் உரும்பிராயே சைவமாக இருந்த திருவிழாக் காலத்தில், சாவகச்சேரிக்கு மாடு பார்க்கப் போகிறோம் என்று பெண்டாட்டிமாரிடம் சொல்லிவிட்டு, வடக்கே கடற்கரைப் பக்கம் மயிலிட்டிக்கு உன் மொறிஸ் மைனர் காரை விட்டோம். கரையோரக் கடையில் மீன் குழம்பும் பொரியலுமாக வெட்டினோம். பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, போதாதென்று திருநீறும் பூசிக்கொண்டோம்.

திரும்பும் வழியில், வசாவிளானில், சடாரென்று பிரேக் போட்டாய். நான் உண்ட களையில் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு பின்சீட்டில் கிடந்தேன்.

"டேய், எழும்படா! வானத்திலை உதைப் பாரடா!"

"பலாலியிலை இறங்கிற பிளேனாய் இருக்கும். நீ காரை எடு."

"பலாலிப் பிளேன் எனக்குத் தெரியாதோ? இதுக்குச் செட்டையுமில்லை, சத்தமுமில்லை. வெள்ளி மாதிரி மினுங்கிக்கொண்டு தோட்டத்துக்கு மேலை அப்பிடியே நிக்குது!"

நான் கண்ணைக் கசக்கி, கதவைத் திறந்து இறங்குவதற்குள் வெறும் வானம்தான் இருந்தது. நீ நடுவீதியில் வாயைத் திறந்தபடி நின்றாய். உன் கலியாணத்தன்றுகூட அப்படியொரு முகத்தை நான் காணவில்லை.

கார் புறப்பட்டதும், "பிறகு அது என்ன செய்தது தெரியுமே..." என்று தொடங்கினாய். எனக்கோ வேறு கவலை.

"மச்சான், இதை ஊரிலை கதைச்சியெண்டால் எங்கை கண்டனி எண்டு கேப்பினம். சாவகச்சேரிக்குப் போனவைக்கு வசாவிளானிலை என்ன வேலை? என்ரை மனுசி விரதம் பிடிக்கிறாள். அறிஞ்சால் என்னை வீட்டுக்குள்ளை எடுக்கமாட்டாள். வாய் திறக்காதை."

வீதியையே பார்த்துக்கொண்டு, "சரியடா, உனக்காக" என்றாய். சந்தைக்குப் போய்வந்தாலே ஒழுங்கையில் வீடு வீடாகக் கதை சொல்லுகிறவன் நீ. வாழ்க்கையில் கண்ட ஒரே அதிசயத்தை விழுங்கிக்கொண்டாய்.

நான் விழுங்கினேனா? நீ கண்ணை மூடிய மறுவருடமே ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் அதை அவிழ்த்துவிட்டேன். என் கதையில் கண்டவன் நான். பின்சீட்டில் குறட்டை விட்டவன் யாரோ ஒரு சோம்பேறி. மீன் சாப்பிட்டது கதையிலிருந்தே மறைந்துபோனது. பந்தியே சிரித்தது. முடிவை மட்டும் ஆளுக்கேற்றபடி மாற்றினேன். ஒரு வீட்டில் அது கடலுக்குள் இறங்கியது. இன்னொரு வீட்டில் கோயில் கோபுரத்தைச் சுற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனது.

போன மாதம் பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்திய வீட்டில் இதே கூத்து. சிரிப்பு அடங்கியதும் உன் மனைவி என்னருகே வந்தாள்.

"அண்ணை, அது வெள்ளி மாதிரி, சத்தமில்லாமல் நிண்டதோ?"

"ஓம், தங்கச்சி."

"இவர் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை யன்னலையே பாத்துக்கொண்டிருப்பார். அது திரும்ப வருமோ எண்டு கேப்பார். எது எண்டால், சொல்லமாட்டன் எண்டு ஒருத்தனுக்குச் சொல்லிப்போட்டன் எண்டுவார். காய்ச்சல் பிதற்றல் எண்டெல்லோ நான் நினைச்சன்."

அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்: மயிலிட்டி, மீன், திருநீறு, சால்வை. "கண்டது அவர்தான், தங்கச்சி. நான் நித்திரை."

ஏசுவாள் என்று தலை குனிந்து நின்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "பிறகு அது எங்கை போனதாம், அண்ணை? உங்களுக்கெண்டாலும் சொல்லியிருப்பாரே?"

கடலும் கோபுரமும் என் தொண்டைவரை வந்தன.

"தெரியாது, தங்கச்சி. சொல்ல வந்தவர்தான். நான் விடேல்லை."

இப்போதும் யாராவது அந்தக் கதையைக் கேட்கிறார்கள், மச்சான். சொல்லுகிறேன். தோட்டத்துக்கு மேலே அது நிற்கிறது, நீ வீதியில் நின்று பார்க்கிறாய். அந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறேன். "பிறகு?" என்கிறார்கள். அந்த முடிவு அவனுடையது என்கிறேன். ஒருவரும் சிரிப்பதில்லை.