வெட்டிய ஐந்து வரிகள்

திருச்செங்கோடு,
18.09.2024

மதிப்பிற்குரிய திரு. நவநீதகிருஷ்ணன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் போர்வெல் ரிக் வண்டிக்குச் சாமான் கொண்டு வரும் சரவணக்குமாரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நான் சண்முகப்பிரியாவின் தமிழ் டீச்சர் வினோலியா. பாதியில் வைத்துவிடாமல் முழுதும் படியுங்கள்.

பிரியா நலம். காலாண்டுத் தேர்வுக்கு ஒழுங்காகப் படிக்கிறாள். அவள் அம்மாவையும் திங்கட்கிழமை பார்த்தேன். கால்வலி பரவாயில்லை என்றார்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஏழாம் வகுப்புக்குக் கவிதை எழுதச் சொல்லித் தருகிறேன். முதல் மாதம் எல்லாரும் நிலா, ரோஜா என்றே எழுதினார்கள். உங்கள் வீட்டில் நீங்கள் கண்ணால் பார்த்ததை, வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதுங்கள் என்றேன். ஒருத்தி, அத்தையின் கோழிப்பண்ணையில் தீவன மூட்டை மேல் தூங்கிப்போனதை எழுதினாள். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு எழுதாத பிள்ளை இல்லை.

ஆடி நோம்பிக்கு நீங்கள் வந்துபோனதைப் பிரியா எழுதினாள். நீங்கள் ஊரில் இல்லாத எட்டு மாதத்தில் வீட்டுக்கு வந்த நாய்க்கு உங்களைத் தெரியாதல்லவா, அதைப் பற்றி. நான் சுவர்ப் பத்திரிகையில் ஒட்டியது இது:

அப்பா வந்தாங்க.
டைகர் குரைச்சுது.
நான் குரைக்கலை.
கதவுக்குப் பின்னால
நின்னுக்கிட்டேன்.

பெற்றோர் கூட்டத்துக்கு வந்த உங்கள் மைத்துனர் மணிமாறன் அதைப் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். வெயிலில் போர் போட்டுக்கொண்டு கிடப்பது யாருக்காக, நாய் குரைக்கிற ஆளு என்று என் புள்ளையே எழுதிவிட்டாளே என்று நீங்கள் வருத்தப்பட்டதைப் பிரியாவின் அம்மா சொன்னார். இனி அவள் இப்படியெல்லாம் எழுதக் கூடாது என்று நீங்கள் சொன்னதையும் சொன்னார். நான் போன் செய்தபோது, "பாடத்தைச் சொல்லிக் குடுங்க டீச்சர், ஊட்டுக் கதையெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். அத்தனை கோபத்திலும் மரியாதை குறையவில்லை. அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

அன்று போனில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று உண்டு. பிரியா எழுதியது அவ்வளவுதான் இல்லை. கீழே இன்னும் ஐந்து வரி இருந்தது. கதவோடு முடிந்தால் கவிதை நன்றாக இருக்கும், சொல்லாமல் விடுவதுதான் அழகு என்று நினைத்து நான்தான் வெட்டினேன். அவளைக் கேட்கவில்லை. வெட்டியது இது:

அப்பா போன அன்னிக்கு
அவிங்க துண்டைத் துவைக்க விடலை.
தினமும் டைகருக்கு
மோந்து பாக்கக் குடுக்கறேன்.
அடுத்த தரம் குரைக்காது.

பதினோரு வருடமாகத் தமிழ் நடத்துகிறேன். எது கவிதை என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஒரு பிள்ளை தன் அப்பாவுக்காகச் செய்த காரியத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, பாதியை ஊர் பார்க்க ஒட்டியிருக்கிறேன். தப்பு என்னுடையது, அவளுடையது இல்லை.

இரண்டு வெள்ளியாகப் பிரியா பெயரை மட்டும் எழுதி வெறும் தாளைத் தருகிறாள். இன்று காலை தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "நீங்க வெட்டிட்டீங்க, அப்பா வேண்டாம்னுட்டாங்க. அப்புறம் என்னத்தைங்க டீச்சர் எழுதறது?" என்றாள். மன்னிப்புக் கேட்டேன். முழுக் கவிதையையும் திரும்ப ஒட்டட்டுமா என்றதற்கு, அப்பாவைக் கேக்கோணும் என்றாள். உங்களுக்கு அனுப்பலாமா என்றதற்குத் தலையாட்டினாள். அவள் கையெழுத்திலேயே இருக்கும் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

சுவரில் ஒட்டுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். நான் வற்புறுத்த மாட்டேன். என் மேல் உள்ள கோபமும் அப்படியே இருக்கட்டும்.

குழாய் இறக்கும்போது கவனமாக இருங்கள். நீங்கள் போடுகிற ஒவ்வொரு போரிலும் தண்ணீர் வரட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் வேண்டிக்கொள்கிறேன். சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்தால், பள்ளிக்கூடம் விட்ட பிறகு வீட்டுக்கு ஒரு போன் செய்யுங்கள். எழுது சாமி என்று செல்லமாக உங்கள் வாயால் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் சொல்லி அவள் எழுதவில்லை.

தங்கள் மகளின் ஆசிரியை,
ஆ. வினோலியா