ஒன்றரை வினாடி வெளிச்சம்

கோச்சி
ஆகஸ்ட் 26

அன்புள்ள தொபிதா சானுக்கு,

ஹருயோ எழுதிக்கொள்வது. உங்கள் ஊர் எரிமலை மறுபடியும் சாம்பல் கொட்டுவதாகச் செய்தியில் பார்த்தேன். தொலைநோக்கியை உங்கள் கடையில் முடிவெட்டும்போது போர்த்தும் துணியால் மூடுகிறீர்களா, இல்லை இந்த வருடமும் சுமாக்கோ சானின் நல்ல மேஜை விரிப்புதானா? பாவம், அவர் எப்படித்தான் உங்களோடு குடித்தனம் நடத்துகிறாரோ.

படங்களை மின்னஞ்சலிலும் வம்பை அஞ்சலிலும் அனுப்புவது என்று பத்து வருடத்துக்கு முன் பேசிக்கொண்டோம். இன்று எழுதுவது வம்பு இல்லை. 24ஆம் தேதி இரவு எட்டு நாற்பதுக்குப் பின்கட்டில் வியாழனைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். திரையில், கோளின் மேல் ஒரு வெளிச்சம் தோன்றி அணைந்தது. ஒன்றரை வினாடி இருக்கும். ஏதோ ஒரு கல் போய் விழுந்து எரிந்திருக்கிறது. தேநீரை மடியில் கொட்டிக்கொண்டேன், சுட்டதுகூடத் தெரியவில்லை.

கோள் நோக்கர் கழகத்தில் பதிவேடு பார்க்கும் ஒகுமுரா சானுக்கு வீடியோவை அனுப்பினேன். ஒருவர் வீடியோ போதாதாம், கேமராக் கோளாறாகவும் இருக்கலாமாம். வேறு ஊரில் இன்னொருவருக்கும் அதே நேரத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அன்று உங்கள் வானமும் தெளிவு என்று சொன்னீர்களே? தயவுசெய்து பாருங்கள். எந்த இடத்தில், எப்படித் தெரிந்தது என்று உங்களுக்கு முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்பது வழக்கம், அதனால் சொல்லவில்லை. வீடியோவையும் வேறு யாருக்கும் காட்டவில்லை.

சனியில் நான் கண்ட வெண்புள்ளியை யாரும் மறக்கவில்லை. படத்தைக் கணினியில் அளவுக்கு மீறிக் கூர்மைப்படுத்தியதில் வந்த புள்ளி அது என்று தெரிந்தபின் மூன்று வருடமாக ஆண்டுக் கூட்டத்தில் எனக்கு ஒரே வரவேற்புதான்: "வெண்புள்ளி அம்மா வந்தாச்சு, எல்லாரும் கண்ணாடியைத் தொடச்சுக்குங்க!" நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஆனால் இதுவும் பொய் என்று ஆகிவிட்டால் என் சொல் இனி அம்பலம் ஏறாது. நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
ஹருயோ


ககோஷிமா
செப்டம்பர் 1

அன்புள்ள ஹருயோ சானுக்கு,

மேஜை விரிப்பு விவகாரத்தைக் கிளறாதீர்கள். அது இப்போது கடைக் கதவருகே கால்மிதியாகக் கிடக்கிறது, நான் மிதிக்கும்போதெல்லாம் சுமாக்கோ பார்க்கிறாள்.

கடிதம் கிடைத்த அன்றே பார்த்தேன். எட்டு முப்பத்தொன்பதிலிருந்து நாற்பத்தொன்று வரை நானும் பதிவு செய்திருக்கிறேன். படம் அருமையாக வந்திருக்கிறது, இந்தப் பருவத்திலேயே சிறந்தது. ஆனால் வெளிச்சம் எதுவும் இல்லை. மூலை முடுக்கெல்லாம் தேடினேன்.

எனக்கும் வருத்தம்தான். ஆனால் எங்கள் பக்கத்துப் பதிவுகளைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது, நட்புக்காக ஒன்றைக் கூட்டிச் சொல்ல முடியாது. "என் பதிவில் இல்லை" என்று ஒகுமுரா சானுக்கு எழுதிவிட்டேன். அவர் பட்டியலில் உங்கள் வரிக்கு எதிரே "பிழை" என்று குறித்திருப்பதாகச் சொன்னார். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். வியாழன் எங்கும் போய்விடாது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு மிட்டாய் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

உங்கள்
தொபிதா கென்சாக்கு


கோச்சி
செப்டம்பர் 5

தொபிதா சானுக்கு,

மிட்டாய் வந்தது. பள்ளிச் சமையலறையில் உடன் வேலை பார்ப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

நீங்கள் பார்த்தது படத்தையா, வீடியோவையா? கடிதத்தை மூன்று முறை படித்தேன். படம் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். நிமிடத்துக்கு ஐயாயிரம் படங்கள் ஓடும் வீடியோவிலிருந்து மென்பொருள் நல்லதாகப் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குகிறது. ஒன்றரை வினாடி வெளிச்சம் அந்த அடுக்கில் எங்கே நிற்கும்? சோற்றை வடித்துவிட்டுக் கஞ்சியைக் காணோம் என்கிறீர்கள்! புதிதாகச் சேர்ந்தவர் இப்படிச் செய்தால் நீங்களே காதைத் திருகுவீர்கள்.

எனக்கு எழுதுவதற்கு முன்பே கழகத்துக்கு எழுதிவிட்டீர்கள். அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. நானூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறேன், உப்புக் குறைந்தால் குறைந்தது என்று ஒத்துக்கொள்கிறவள். சனி விஷயத்திலும் ஒத்துக்கொண்டேன். இது பிழை இல்லை.

வீடியோவைத் திறந்து பாருங்கள்.

ஹருயோ


ககோஷிமா
செப்டம்பர் 9

அன்புள்ள ஹருயோ சானுக்கு,

நீங்கள் சொல்வது சரி. நான் பார்த்தது படத்தைத்தான். வெட்கமாக இருக்கிறது.

வீடியோவைப் பார்க்கலாம் என்றால் அது இப்போது இல்லை. படம் செய்து முடித்ததும் மூல வீடியோக்களை அழித்துவிடுவது என் பழக்கம், உங்களுக்கும் தெரியும், இடத்தை அப்படி அடைத்துக்கொள்கின்றன. திங்கட்கிழமை கடை விடுமுறை, அன்று துப்புரவு நாள். ஆகஸ்ட் முடியும் முன்பே போய்விட்டது.

என்னால் "உண்டு" என்றும் சொல்ல முடியாது, "இல்லை" என்றும் சொல்ல முடியாது. மன்னியுங்கள். ஆண்டுக் கூட்டத்தில் சாப்பாடு என் செலவு.

தொபிதா


ககோஷிமா
செப்டம்பர் 30

ஹருயோ சானுக்கு,

மூன்று வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. இருக்காது என்று தெரியும். தபால்காரர் வரும் நேரத்தில் முடி வெட்டிக்கொண்டே வாசலைப் பார்த்து, ஒருவரின் கிருதாவை ஏற்ற இறக்கமாக வெட்டிவிட்டேன்.

போன கடிதத்தில் நான் எழுதியது பொய்.

அந்தத் துப்புரவு நடக்கவே இல்லை, வீடியோ இருந்தது. வீடியோவைத் திறந்து பாருங்கள் என்ற உங்கள் கடிதம் வந்த அன்று மாலை கடையைப் பூட்டிவிட்டுத் திறந்து பார்த்தேன். வெளிச்சம் இருந்தது. கோளின் வலது விளிம்புக்கு அருகே, தெற்குப் பட்டைக்குக் கொஞ்சம் கீழே. மெல்ல ஏறி, மங்கி, மறுபடி ஒரு முறை பளிச்சிட்டு அணைந்தது. பதினொரு முறை ஓட்டிப் பார்த்தேன். பிறகு அழித்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். இல்லை என்று எழுத்தில் கொடுத்துவிட்டேன், சரிபார்ப்பவனே தப்புச் செய்தான் என்று ஆகிவிடும் என்று பயந்தேன். அது பாதிதான். இருபத்திரண்டு வருடமாகத் தொலைநோக்கி வைத்திருக்கிறேன், புதிதாக ஒன்றைக்கூடக் கண்டதில்லை. உங்களுக்குக் கிடைத்தது, எனக்கு வயிறு எரிந்தது. அதே நிமிடத்தில் என் திரையிலும் அது வந்து போயிருக்கிறது. நான் அப்போது கேமராக் கம்பியில் ஒட்டிய சாம்பலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு இறங்காமல் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து சுமாக்கோ எல்லாவற்றையும் என் வாயிலிருந்து பிடுங்கிவிட்டாள். "கவுந்து விழுந்தாச்சு. மீசையில மண்ணு ஒட்டலைன்னு இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்லப்போறீங்க? அந்தம்மாவுக்கு எழுதுங்க. எழுதுனாத்தான் இந்த வீட்டுல சோறு" என்றாள். சொன்னபடியே தட்டையும் எடுத்துக்கொண்டு போனாள். நான் இதை எழுதுவது சோற்றுக்காக இல்லை.

கணினிக் கடைக்குக் கொண்டுபோய்க் கேட்டேன். அதன் மேல் புதிய பதிவுகள் விழுந்துவிட்டன, மீட்க வழியில்லை என்றார்கள். ஒகுமுரா சானுக்கு இதே வார்த்தைகளில் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், சரிபார்க்கும் பொறுப்பையும் விட்டுவிட்டேன். இந்த முறை உங்களுக்கும் அவருக்கும் ஒரே தபாலில் போடுகிறேன்.

மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. உங்கள் வெளிச்சம் உண்மை. அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

தொபிதா கென்சாக்கு


கோச்சி
அக்டோபர் 6

தொபிதா சானுக்கு,

கடிதத்தை முதலில் கிழிக்கப் போனேன். பிறகு "மறுபடி ஒரு முறை பளிச்சிட்டு" என்ற இடத்துக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். அது இரண்டு முறை பளிச்சிட்டது என்று ஒகுமுரா சானைத் தவிர யாருக்கும் நான் சொன்னதில்லை.

ஒகுமுரா சான் நேற்று தொலைபேசியில் கூப்பிட்டார். "வீடியோ இல்லாம பட்டியல்ல ஏத்த முடியாதும்மா, என் கையக் கட்டிப் போட்டிருக்கு. ஆனா 'பிழை'ங்கறத அடிச்சிட்டேன். 'இன்னொருத்தரும் பார்த்தார், பதிவு இல்லை'ன்னு எழுதியிருக்கேன். அவர் சொன்ன இடமும் நீங்க சொன்ன இடமும் அப்படியே பொருந்துது. இனிமே உங்கள யாராவது வெண்புள்ளின்னு கூப்பிட்டா என்கிட்ட சொல்லுங்க" என்றார். போனை வைத்துவிட்டு அழுதேன். சமையலறையில் கேட்டார்கள், வெங்காயம் என்று சொன்னேன். வெங்காயம் அன்றைய சமையலிலேயே இல்லை.

உங்கள் மேல் கோபம் தீரவில்லை. பொறாமையைப் புரிந்துகொள்ள முடிகிறது, எனக்கும் படத்தை ஆடாமல் வைக்கும் உங்கள் ஊர்க் காற்றின் மேல் பொறாமைதான். அழித்ததைத்தான் புரிந்துகொள்ள முடியவில்லை. ஆண்டுக் கூட்டத்தில் உங்களுக்கு அருகில் உட்காரமாட்டேன். சாப்பாடு மட்டும் உங்கள் செலவு, அதில் மாற்றம் இல்லை. சுமாக்கோ சானுக்கு உங்கள் தயவில்லாமல் தனியாக எழுதுகிறேன்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும், அதனால்தான் இந்தக் கடிதம். என் கேமரா கறுப்பு வெள்ளை. இத்தனை நாளும் அந்த வெளிச்சத்தை நான் சாம்பல் நிறத்தில்தான் ஓட்டி ஓட்டிப் பார்க்கிறேன். உங்களுடையது வண்ணக் கேமரா. அதை வண்ணத்தில் பார்த்த ஆள் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான், பதினொரு முறை பார்த்திருக்கிறீர்கள்.

என்ன நிறத்தில் இருந்தது? கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள். மறந்துபோவதற்குள் எழுதுங்கள்.

காத்திருக்கும்,
ஹருயோ